அடைப்பு வீடு

சின்னராசு கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலாவது போர்ஷனில் படுத்திருக்கும் தேசப்பன் இந்த வாரம் சாகக்கூடாது. செத்துத்தான் தீருவேன் என்று அடம்பிடித்தால் வெளியே போய்ச் சாகட்டும்.

இதை ஒரு மனுஷன் வாய் திறந்து கேட்டான். அதுவும் கனகாம்பாள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே கேட்டான். அவள் கையில் இன்னொரு டம்ளர் சூடாக இருந்தது. அதை அவன் தலையில் கவிழ்க்காமல் தரையில் வைத்தாள் பாருங்கள், அந்தப் பொறுமையை அவளுக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் போகிற தெருவில் கனகாம்பாளுக்கு ஆறு போர்ஷன் வைத்த ஓட்டு வீடு ஒன்று இருந்தது. செத்துப்போன புருஷன் செங்கல் சூளையில் வெந்து சம்பாதித்துக் கட்டியது. நடுவில் நீளமாக ஒரு நடை, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. முதல் போர்ஷனில் அவள் இருந்தாள். எதிர் போர்ஷனில் பழவேற்காட்டுக்காரர் அப்துல் வஹாப், கருவாடும் காய்ந்த இறாலும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். அவர் சம்சாரம் ஜெய்னம்பு. நாலாவதில் தேசப்பனும் செங்கம்மாளும். தேசப்பன் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். தண்டவாளத்தில் சம்மட்டி அடித்த நெஞ்சு, இப்போது மூச்சு விடவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் கம்பெனி கம்பெனியாக வரப்போகிறது என்று சர்க்கார் நிலம் எடுக்க ஆரம்பித்தார்களோ இல்லையோ, ஊருக்கே பேய் பிடித்துவிட்டது. நேற்று வரை எருமை புரண்ட குட்டைக்கு இன்றைக்கு மூன்று புரோக்கர். அதில் ஒருத்தன்தான் அருணாச்சலம். அவன் கூட்டிக்கொண்டு வந்தவன் சின்னராசு. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர். ஆனி மாதம் ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கப்போகிறார்கள், அவர்களை ரூமுக்கு இத்தனை பேர் என்று அடைத்துப்போட அவனுக்கு ஒரு வீடு வேண்டும்.

கனகாம்பாளுக்கு விற்கிற ஆசை இல்லை. மருமகன் சேகருக்குத்தான் இருந்தது. கவரைப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூலிக்கு இரும்பு கடைந்துகொண்டிருந்தான். சொந்தமாக ஒரு லேத் போட்டுவிட்டால் கம்பெனி வேலையெல்லாம் வந்து குவியும் என்று கணக்குப் போட்டான்.

"இப்ப உட்டா இந்த வெல வராது அத்தே. உங்க பொண்ணும் எத்தினி நாளைக்கு ஒத்த ரூம்ல புள்ளைங்கள வெச்சிக்கினு அல்லாடும்?" என்றான்.

பெண்ணைச் சொன்னதும் அவள் மனசு இளகிவிட்டது. சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். குடித்தனக்காரர்கள் யாரையும் வரும் பொங்கல் வரைக்கும் காலி பண்ணச் சொல்லக்கூடாது. சின்னராசு சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்தே சத்தியம் பண்ணினான். "இவங்கல்லாம் எனக்குத் தாய் தகப்பன் மாதிரிம்மா" என்று கண்ணில் தண்ணீர் வேறு விட்டான். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கைமாறியது. அதை அவள் பிரிக்கக்கூட இல்லை, துணி முடிச்சோடு சாமி மாடத்தில் வைத்தாள்.

சத்தியம் பண்ணிய வாய் காய்வதற்குள் ஆரம்பித்தான் அவன். முதலில் வஹாப் காலி பண்ண வேண்டுமாம். ரிஜிஸ்தர் ஆனதும் அவன் அம்மா வந்து பால் காய்ச்சுவாளாம், அந்த இடத்தில் கருவாட்டு நாற்றம் அடிக்கக்கூடாதாம்.

"நாத்தமா? போன வாரம் என் ஊட்டுல ஒக்காந்து வழிச்சி வழிச்சித் தின்னியே கருவாட்டுக் கொழம்பு, அது எவ குடுத்த கருவாடுன்னு நெனச்ச? ஜெய்னம்பு குடுத்தது. அப்ப மூக்கைக் கழட்டி வெச்சிட்டிருந்தியா?" என்றாள் கனகாம்பாள். அவன் பல்லை இளித்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த தேசப்பனை, "இனிமே ஒண்ணும் இல்ல, ஊட்டுக்கு இட்டுக்கினு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். குதிரை வண்டியில் வந்து இறங்கினார். ஆள் பாதியாக இருந்தார். அன்று சாயந்திரம்தான் புரோக்கரும் சின்னராசுவும் சேர்ந்து வந்து காபி குடித்தது. சேகரும் கூட இருந்தான்.

சின்னராசு தான் கேட்க வந்ததைக் கேட்டு முடித்ததும், அருணாச்சலம் கக்கத்திலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தான். "நாளைக்கு அவிட்டம் பொறக்குதும்மா. அதுல இருந்து ரேவதி முடியற வரைக்கும் அஞ்சு நட்சத்திரம் அடைப்பு, உங்களுக்குத் தெரியாததா? அதுல கெழவன் உசுரு போச்சின்னா வாசப்படி வழியா எடுக்கக்கூடாது. செவுத்த ஒடைச்சித்தான் எடுக்கணும். அப்பாலிக்கா ஆறு மாசம் பூட்டிப் போட்டு வெளக்கு ஏத்தணும். ஒரு ஜனம் உள்ள பொழங்கக்கூடாது. சின்னராசு இன்னா பண்ணுவாரு பாவம்?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்றாள் கனகாம்பாள்.

"பின்னால மாட்டுக் கொட்டா சும்மாதான கீது. ஒரு கட்டலப் போட்டு அங்க படுக்க வெச்சிட்டா, எந்த நட்சத்திரத்துல போனாலும் ஊட்டுக்கு ஒண்ணும் கெடையாது."

கனகாம்பாளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா சின்னராசு, உங்கப்பன் சாகப் பொழைக்கக் கெடந்தப்ப மாட்டுக் கொட்டாயிலதான் கொண்டுபோய்ப் போட்டியா?"

"இன்னாம்மா, நாக்கு மேல பல்லு போட்டு இப்டிப் பேசற? அவரு எங்க சொந்த ஊட்டுல போய்ச் சேந்தாரு. இவங்க குடக்கூலிக்கு இருக்கறவங்கதானே?"

கேட்டீர்களா! குடக்கூலிக்கு இருக்கிறவனுக்குக் குடிக்கக் கிணற்றில் தண்ணீர் உண்டு, படுக்க நாலு சுவர் உண்டு, சாக மட்டும் இடம் கிடையாது. இது எந்த ஊர் நியாயம் என்று கனகாம்பாளுக்குப் புரியவில்லை.

"அத்தே, கோச்சிக்காதீங்க. பட்ணம் பெரியாஸ்பத்திரிக்கு வேணா..." என்று இழுத்தான் சேகர்.

"ஆஸ்பத்திரியில கைய விரிச்சித்தானே மாப்ள அனுப்பிக்கீறாங்க? இனிமே எந்த ஆஸ்பத்திரி? கொஞ்சம் சும்மா இருங்க."

சின்னராசு டம்ளரைக் கீழே வைத்தான். அவன் மூளையில் ஏதோ பளிச்சிட்டது முகத்தில் தெரிந்தது. "சரி, கொட்டா வேணாம். எதுத்தாப்புல பாய் ஊட்டுல படுக்க வெச்சிடலாம். அவங்களுக்குத்தான் நாளும் இல்ல நட்சத்திரமும் இல்லியே? அங்க செத்தா அடைப்பு புடிக்காது."

வஹாப் அப்போதுதான் வியாபாரம் முடிந்து சைக்கிளை நடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"முந்தாநேத்து வரைக்கும் என் போர்ஷன் பால் காய்ச்சக்கூட லாயக்கில்லன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. இன்னிக்கு சாகறதுக்கு லாயக்கா ஆயிடிச்சா?" என்றார். "தேசப்பண்ணன் என்கிட்ட வந்து படுக்கறேன்னு சொல்லட்டும், என் தோள்ல தூக்கிக்கினு போயி என் பாயில படுக்க வெக்கறேன். ஆனா நீங்க சொல்லி இல்ல."

அந்த நேரம் பார்த்து நாலாவது போர்ஷன் கதவு திறந்தது. செங்கம்மாள் ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல், தேசப்பன். பாவிகள் பேசிய பேச்சு நடை முழுக்கக் கேட்டிருக்கிறது.

"யம்மா, நாங்க ஸ்டேஷனாண்ட போறோம்" என்றாள் செங்கம்மாள். "பிளாட்பாரத்துல ஓரமா படுத்துக்கறோம். அவுரு வேல செஞ்ச எடந்தான், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எங்களால உன் ஊட்டு யாவாரம் கெட வேணாம்."

அதுவரைக்கும் கனகாம்பாளுக்கு வந்தது கோபமே இல்லை. இப்போது வந்ததுதான் கோபம். அது சின்னராசு மேல்கூட இல்லை, நேராகச் செங்கம்மாள் மேல் பாய்ந்தது.

"வையிடி கீழ அந்த மூட்டைய! என் பொண்ணு பொறக்கும்போது எனக்கு யாரு இருந்தா? மருத்துவச்சி வரதுக்குள்ள கொடிய அறுத்துப் புள்ளய வெந்நீர்ல கழுவி என் பக்கத்துல போட்டது நீதானே? நாலாவது போர்ஷன்ல, உன் பாயில! பொறக்கறதுக்கு ஆன ஊடு சாகறதுக்கு ஆகாதா? பிளாட்பாரத்துக்குப் போறாளாம் பிளாட்பாரத்துக்கு! போய்ப் பாரு, காலை ஒடைக்கறேன்!"

திட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே தேசப்பனின் கையைத் தன் தோளில் போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பாயில்தான் பிறந்தாள் தன் பெண்டாட்டி என்று சேகருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவிட்டம் பிறந்தது. அதிலிருந்து ஆரம்பித்தது பாருங்கள் ஒரு கூத்து. அருணாச்சலம் காலையும் மாலையும் பஞ்சாங்கமும் கையுமாக வந்து நாலாவது போர்ஷன் ஜன்னலில் எட்டிப் பார்ப்பான். சாகக் கிடக்கிறவனை நலம் விசாரிக்க வந்தவன் போல முகத்தை வைத்துக்கொள்வான், கண் மட்டும் தேசப்பனின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும். செங்கம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரோரமாகத் திரும்பிக்கொள்வாள்.

தேசப்பன்தான் அவனை நன்றாகக் கிண்டல் பண்ணினார். பேச்சுக்கு நடுவில் நாலு மூச்சு வாங்கும், இருந்தாலும் விட மாட்டார்.

"இன்னா புரோக்கரே, இன்னிக்கு இன்னா நட்சத்திரம்?"

"சதயம், பெரியவரே."

"சதயமா? இன்னிக்குத் தோது இல்ல. நாளைக்கு வந்து பாரு."

மறுநாள் அவரே கூப்பிடுவார். "வாய்யா. பூரட்டாதியா? இன்னிக்குக் கஞ்சி ருசியா கீது, போக மனசு இல்ல." நடையில் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்த ஜெய்னம்பு குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பாள். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொள்வாள். செங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பயம் அவளுக்கு. ஒருநாள் கிணற்றடியில் கனகாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"செவுத்த ஒடச்சி எடுப்பாங்களாமே யம்மா? ஓட்டை போட்டுத் திருடன இழுக்கற மாதிரி இழுப்பாங்களா அவர? வாசப்படி வழியா ஒரு மனுசனா எடுத்துக்கினு போவ மாட்டாங்களா?"

கனகாம்பாளுக்கும் அடைப்பு என்றால் பயம்தான், இல்லை என்று பொய் சொல்வானேன். சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பயம் ஒரு வாரத்தில் போய்விடுமா? "ஒண்ணும் ஆவாது, நான் கீறேன்" என்று மட்டும் சொன்னாள். என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரேவதியன்று முற்பகல், செங்கம்மாள் ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டிருந்தபோது, தேசப்பன் அதை முழுங்கினார். அடுத்த கரண்டி கடைவாயில் வழிந்துவிட்டது.

ஒப்பாரிச் சத்தம் தெருமுனைக்கு எட்டியிருக்காது, அதற்குள் வந்து நின்றான் சின்னராசு. கூடவே அருணாச்சலம். பிணத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமே, அதுகூட இல்லை. நேராகக் கனகாம்பாளிடம் வந்தான்.

"நான் தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டியா? ரேவதி மத்தியானம் வரைக்கும் கீது. சுத்தமான அடைப்பு! இனிமே இந்த ஊட்ட எவன் வாங்குவான்? ஏதோ நானா இருக்கறதால, பேசின வெலயில பாதிக்கு எடுத்துக்கறேன்."

பிணம் இன்னும் சூடு ஆறவில்லை. செங்கம்மாள் அதன் மேல் விழுந்து கிடக்கிறாள். இவன் வாசலில் நின்று பேரம் பேசுகிறான். கனகாம்பாள் கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"அடைப்புன்னா அடைப்புதான்யா. நீ சொன்ன மாதிரியே நாலாவத ஆறு மாசம் பூட்டிடறேன். ஊட்டையும் விக்கறதா இல்ல. போய்க்கினே இரு."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. பாதி விலை என்றதும் கிழவி அலறியடித்துக்கொண்டு காலில் விழுவாள் என்று நினைத்திருந்தான். ஆனி மாதம் வாசலில் நிற்கிறது, லாரி நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள், வேறு வீட்டுக்கு எங்கே போவான்? அருணாச்சலத்தைத் தள்ளிக்கொண்டு தெருவில் வேப்பமரத்தடிக்குப் போனான். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். அருணாச்சலம் ஓட்டமாக ஓடினான்.

இங்கே பந்தலும் பாடையும் தயாராகிக்கொண்டிருந்தன. கடப்பாரை வரவில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் வந்தவர்கள் எல்லோரும் நாலாவது போர்ஷனின் வெளிச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருணாச்சலம் திரும்பி வந்தபோது கையில் வேறு ஒரு பஞ்சாங்கம் இருந்தது. சின்னராசு அதை வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாக, பிணம் கிடக்கிற வீட்டுக்குள் சிரித்த முகமாக வந்தான்.

"யம்மா, ஒரு நல்ல சேதி! இவன் பாத்தது வாக்கியப் பஞ்சாங்கம். எங்கம்மா திருக்கணிதந்தான் பாப்பாங்க. அதுல ரேவதி காலையிலயே முடிஞ்சி போச்சி. கெழவரு போனது அஸ்வினியில. அடைப்பே கெடையாது! பேசின வெலயிலேயே முடிச்சிடலாம், திங்கக்கெழம ரிஜிஸ்தர் வெச்சிக்கலாமா?"

ஒரு மனுஷன் ஒரே ஒரு தடவைதான் செத்தான். பாதி விலைக்கு வேண்டும் என்றால் ரேவதி. வீடு கைநழுவுகிறது என்றால் அஸ்வினி. செத்தவனின் நட்சத்திரத்தைக்கூடப் பையிலிருந்து எடுத்துப் பையில் போடுகிற சில்லறையாக ஆக்கிவிட்டானே என்று கனகாம்பாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனால் அந்த நெருப்பிலேயே வேறு ஒன்றும் எரிந்து போய்விட்டது. சின்ன வயசிலிருந்து அவள் சுமந்துகொண்டிருந்த அந்தப் பயம், அதைத் தேடினால் காணோம்.

செங்கம்மாள் தலையைத் தூக்கினாள். அவள் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்திருந்தது. "அப்ப வாசப்படி வழியா எடுக்கலாமா யம்மா?"

"எடுக்கலாம்டி. முன்வாசப்படி வழியாத்தான் எடுக்கப்போறோம்" என்றாள் கனகாம்பாள், தெருவுக்கே கேட்கும்படி. "இவன் பஞ்சாங்கம் சொல்லி இல்ல, நான் சொல்லி. அவிட்டமோ அஸ்வினியோ, என் ஊட்டு ஆம்பள எந்த வழியா போனாரோ அந்த வழியாத்தான் தேசப்பண்ணனும் போவாரு."

பிறகு சாமி மாடத்திலிருந்து துணி முடிச்சை எடுத்துக்கொண்டு வந்து சின்னராசுவின் கையில் திணித்தாள். "உன் அச்சாரம். முடிச்சு போட்டது போட்டபடி கீது."

"யம்மா, நல்லா யோசன பண்ணு. மருமகன் லேத்துப் போடணும்னு..."

"அத்தே..." என்று, சாவுச் சேதி கேட்டு வந்திருந்த சேகரும் வாயைத் திறந்தான். கனகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், அப்புறம் பாயில் கிடந்த தேசப்பனைப் பார்த்தான். லேத் ஆசை ஒரே நாளில் போகிற ஆசை இல்லை, அவன் முகம் கறுத்துத்தான் கிடந்தது. இருந்தாலும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் பாடையின் ஒரு முனையைப் பிடித்தான். இன்னொரு முனையை வஹாப் பிடித்தார்.

தேசப்பன் நடை வழியாக, கனகாம்பாளின் வாசலைத் தாண்டி, முன்வாசப்படி இறங்கிப் போனார். தூரத்தில் ஏதோ ஒரு கூட்ஸ் வண்டி கூவியது. சின்னராசு இன்னும் போகவில்லை. பஞ்சாங்கத்தையும் அச்சாரத்தையும் பிடித்துக்கொண்டு படியிலேயே ஒதுங்கி நின்றான், கிழவியின் கோபம் ஆறட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று.

பிணம் தெருமுனை திரும்பியதும் வீட்டைக் கழுவ வேண்டும். செத்தவர் கிடந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். கனகாம்பாள் கிணற்றில் தண்ணீர் சேந்தி சாணியைக் கரைத்தாள். ஜெய்னம்பு துடைப்பத்தோடு நாலாவது போர்ஷன் பக்கம் நடந்தாள்.

"அங்க இல்லடி. இங்க வா" என்று கூப்பிட்டாள் கனகாம்பாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். "இன்னாம்மா?" என்றான் சின்னராசு. அவள் அவன் நின்ற படியில், அவன் நிற்கும்போதே, வாளியைக் கவிழ்த்தாள். பாலிஷ் போட்ட செருப்பும் சலவை வேட்டியும் முழங்கால் வரைக்கும் சாணித் தண்ணீர். அவன் துள்ளித் தெருவில் போய் விழுந்தான், பஞ்சாங்கம் சாக்கடையில் விழுந்தது.

"இதான் அடைப்பு புடிச்ச எடம். நல்லா தேச்சிக் கழுவு" என்றாள் ஜெய்னம்புவிடம்.

இன்னும் ஒரு வாளி ஊற்றித் தானும் குனிந்து தேய்த்தாள். அதற்கப்புறம்தான் செங்கம்மாளைக் குளிக்கச் சொல்லிவிட்டு, நாலாவது போர்ஷனைக் கழுவப் போனாள்.